பின்வரிசைப் பெட்டிகள்

நேற்றுக் காலை சித்திரை வீதியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் தகர ஜியோமெட்ரி பாக்ஸ் ஒன்றைத் திறந்தேன். புதுப் பெயின்ட்டும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் கடைவாயில் சுரீரென்றது. நீ உடைத்த பல் இருந்த இடம். பல் போய் ஆறு வருடமாகிறது, வலி மட்டும் அங்கேயே இருக்கிறது. பழக்க தோஷத்தில் என் கட்டைவிரல் மூடியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"சார், வாங்கப் போறீங்களா, இல்ல தடவிக்கிட்டேதான் நிக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது, அவருக்கு அவசரம். பெட்டியை வைத்துவிட்டு மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் ஏறினேன். நேற்று உன் பதினாறாம் நாள் காரியம்.

கைலாசபுரத்தில் ஒரே வரிசைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் நாம். நீ பெரிய கடைவீதியில் ஸ்டேஷனரி மொத்த வியாபாரம் தொடங்கினாய். நான் இன்ஜினியரிங் முடித்து, கப்பலேறுமுன் சரக்கைச் சோதித்துச் சொல்லும் கம்பெனியில் சேர்ந்தேன். சீனாவிலிருந்து இங்கே வரும் பள்ளிச் சாமான்கள்தான் என் பிரிவு. உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஸ்கூல் பையில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரை அறுப்பேன். ஸ்கேலை வளைத்து முறிப்பேன். எதையும் இடுப்புயரத்திலிருந்து மூன்று முறை கீழே போடுவேன். "உன் கையில குழந்தையக் குடுத்தாக்கூட மூணு தடவ கீழ போட்டுப் பாத்துட்டுத்தான்டா பாஸா ஃபெயிலான்னு சொல்லுவே" என்று நீ சொல்வாய்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. தொழிற்சாலைக்காரன் கைகாட்டும் பெட்டியைத் தொடக்கூடாது. நல்ல சரக்கை முன்னால் அடுக்கிவைத்து அதைத்தான் திறக்கச் சொல்வான். பின்வரிசையில், அடியில் இருப்பதை நாமே இழுத்தெடுக்க வேண்டும். அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

ஒரு பள்ளி நிர்வாகம் தன் எல்லாப் பள்ளிகளுக்கும் ஜியோமெட்ரி பாக்ஸ் கேட்டு உனக்கு ஆர்டர் கொடுத்தது. உன் வியாபாரத்திலேயே பெரிய ஆர்டர் அதுதான். இரண்டு நிபந்தனை போட்டார்கள். பிள்ளைகள் கையைக் கிழிக்காதபடி மூடியின் விளிம்பை உள்பக்கம் மடித்திருக்க வேண்டும். என் கம்பெனியின் அறிக்கை வராமல் சரக்கு கப்பலேறக் கூடாது. "இவனையே அனுப்புங்க, இவன் பாத்தாப் போதும்" என்று என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டவன் நீதான். கூடவே நீயும் சீனாவுக்கு வந்தாய்.

தொழிற்சாலையின் கிடங்கில் ஒல்லியான ஆள் ஒருவன் என் சட்டைக் கையைப் பிடித்து முன்னால் இருந்த அடுக்குக்கு இழுத்தான். "பாத்தியா, நல்ல பெட்டியக் காட்டுறான்" என்று உதறினேன். "விடாத மாப்ள" என்று நீயும் சிரித்தாய். நான் பின்னால் ஏறி, சுவரோரம் அடியில் கிடந்த அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட்டேன். அவன் கத்தினான். மொழிபெயர்ப்பாளர் சாப்பிடப் போயிருந்தார்.

முதல் பாக்ஸே என் கட்டைவிரலைக் கிழித்தது. விளிம்பு மடிக்கப்படவில்லை. கீழே போட்டதில் காம்பஸ்களின் கால்கள் கழன்று ஓடின. ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

"இது நம்ம சரக்கு இல்லடா. நான் மாதிரி பாத்தேன், மடிச்சிருந்துச்சு."

"மாதிரி எல்லாம் மடிச்சுத்தான் இருக்கும்."

"ஒரு நிமிஷம் இரு. அவன் என்னமோ சொல்றான், என்னன்னு கேளு."

"மாட்டிக்கிட்டவன் ஆயிரம் சொல்லுவான்" என்று சொல்லி, போனிலேயே ஃபெயில் என்று அறிக்கையை அனுப்பினேன். போன் என் கையில் இருக்கும்போதே உன் முஷ்டி என் தாடையில் இறங்கியது. பல் உடைந்து வாயெல்லாம் இரும்பு ருசி. கையில் கிடைத்த பாக்ஸை உன் முகத்தில் வீசினேன். மூடி திறந்துகொண்டு உன் புருவத்தைப் பிளந்தது. என் கழுத்தை நீ நெரிக்க, உன் விலாவில் நான் முழங்காலால் இடிக்க, அடுக்கு சரிந்து இருவர் மேலும் விழுந்தது. காம்பஸ் முனைகள் முதுகில் குத்தின. ஐந்தாறு பேர் வந்து பிரித்தார்கள். அப்போதும் அந்த ஒல்லி ஆள் ஒரு பெட்டியின் பக்கவாட்டைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். நாம் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், கோப்பில் சேர்க்க, அன்று போனில் எடுத்திருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாருடைய சரக்கு என்று தெரிய, அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அந்தந்த வியாபாரியின் முத்திரை இருக்கும். பரிசோதனையில் முதல் வேலையே அதைப் படிப்பதுதான். உன் முத்திரை வட்டத்துக்குள் மீன். நான் உடைத்த பெட்டியில் முக்கோணத்துக்குள் நட்சத்திரம் இருந்தது. வேறு யாரோ ஒரு வியாபாரி மலிவாகக் கேட்ட சரக்கு. உன் சரக்கு முன்னால் இருந்தது. அந்த ஆள் என்னை இழுத்துப் போனது அதனிடம்தான்.

பள்ளி நிர்வாகம் அப்போது வேறு யாருக்கும் ஆர்டர் கொடுத்திருக்கவில்லை. நான்கு வரி எழுதி அனுப்பியிருந்தால் உன் சரக்கு கப்பலேறியிருக்கும். என் வேலை போயிருக்கும். வீங்கிய தாடையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடினேன்.

நான்கு நாள் கழித்து, புருவத்தில் பிளாஸ்திரியும் கையில் ஒரு சீப்பு பூவன்பழமுமாக ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"கை நீட்டுனது தப்புடா மாப்ள. நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும். நான்தான் ஏமாந்துட்டேன் போல."

அதைக் கேட்டு நிற்க என்னால் முடியவில்லை. ஓங்கி அறைந்தேன். நீ படியிலிருந்து மல்லாந்து தெருவில் விழுந்தாய். வந்துகொண்டிருந்த ஆட்டோ கிரீச்சிட்டு நின்றது. நான் இறங்கிவந்து உன்னை உதைத்தேன். இன்னொரு முறை உதைத்தேன். என் மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டி இழுத்தாள். நீ எழுந்து உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினாய்.

"இன்னும் ரெண்டு தடவ கீழ போடணும்டா. அப்பத்தானே ரிசல்ட் சொல்லுவே?"

நீ மட்டும்தான் சிரித்தாய். அதே ஆட்டோவில் ஏறிப் போனாய். அதன்பிறகு உன்னை நான் பார்க்கவில்லை.

ஆர்டர் வேறொருவனுக்குப் போனது. கடையை மூடிவிட்டு, மாமனார் ஊரான மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வேலைக்குப் போனாய். கோபக்காரன், பரிசோதனைக்கு வந்தவனையே அடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று கடைவீதியே பேசியது. நான் மறுக்கவில்லை.

ஆனால் உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை, கேட்டுக்கொள். அவன் என்னமோ சொல்கிறான் என்று உனக்குத் தெரிந்தது. நீயே போய் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். உனக்கும் கண் இருந்தது. அதை விட்டுவிட்டு என் வாயை உடைத்தாய். பிறகு மன்னிப்பு கேட்க வந்தாய். யார் கேட்டார்கள் உன் மன்னிப்பை? என் அம்மாவையும் அப்பாவையும் இழுத்துத் திட்டிக்கொண்டு வந்திருந்தால், ஆத்திரத்திலாவது உண்மையைக் கக்கியிருப்பேன்.

நேற்று உன் வீட்டில் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நாற்காலி போட்டார்கள். கூட்டம் கலைந்ததும் உன் மனைவி வந்து எதிரில் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு இவரு மட்டும் கை நீட்டாம இருந்திருந்தா அந்த ஆர்டர் போயிருக்காதுல்ல? கடைசி வரைக்கும் அதையே சொல்லித்தான் பொலம்பிக்கிட்டுக் கெடந்தாரு."

அந்த நட்சத்திர முத்திரைப் படம் என் சட்டைப்பையில் இருந்த போனுக்குள் இருந்தது. இந்த ஆறு வருடத்தில் மூன்று போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிய போனுக்கு முதலில் ஏற்றுவது அந்தப் படத்தைத்தான்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.