என் பெயரில் வெந்த ஸ்கோன்

ஜூன் 2, திங்கள்

இன்றும் பதினொரு மணிக்கே டப்பா காலி. நூலகத்தில் ஒன்பது பேர், பதினெட்டு ஸ்கோன். கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் பிறந்த அந்தப் பண்டத்தை விழுங்கிவிட்டுத் தலைமை நூலகர் கண்ணை மூடிக்கொண்டார். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார். நான் வெட்கப்பட்டேன். எட்டு மாதப் பழக்கம், இப்போது நன்றாகவே வருகிறது.

செய்வது என் கணவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு பஸ் ஓட்டும் வேலை இல்லை. நான் ஒன்பது மணி வரை குறட்டை விடும்போது சுட்டு அடுக்கிவிடுகிறார். முதல் நாள், "நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். வாய் முந்திக்கொண்டது. அப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது?

ஜூன் 4, புதன்

மாட்டிக்கொண்டேன். அறிவிப்புப் பலகையில் என் போட்டோ! 'வீட்டிலேயே ஸ்கோன். செய்து காட்டுபவர்: நம் நூலகர். 14ஆம் தேதி, சனி.' நாற்பது நாற்காலி போடுகிறார்களாம்.

ஐயோ. ஒரு முட்டையைக்கூட ஒழுங்காக உடைக்கத் தெரியாத ஜென்மம் நான்.

ஜூன் 8, ஞாயிறு

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன், அதை எப்படிச் செய்றீங்க?" என்றேன், பூனை மாதிரி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாம் பிசையறதுலதான் இருக்கு. கால் மணி நேரம் விடாம அடிச்சுப் பிசையணும். தோள் கழண்டு விழணும். அப்பத்தான் பதம்."

எழுதிக்கொண்டேன். ஒருமுறை செய்து பார்க்கலாமா? எதற்கு? மாவு, வெண்ணெய், பால், இதில் என்ன பெரிய வித்தை. பாவம், எதையும் சந்தேகப்படாத மனுஷன்.

ஜூன் 13, வெள்ளி

புதுப் புடவைக்கு இஸ்திரி போட்டாச்சு.

ஜூன் 14, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நாற்பது பேர் முன்னால் கால் மணி நேரம் மாவைத் துவைத்து எடுத்தேன். சிலர் கைதட்டினார்கள். ஓவனிலிருந்து தட்டு வெளியே வந்தது. ஒன்றுகூட உப்பவில்லை. தலைமை நூலகர் ஒன்றை எடுத்து மேஜையில் தட்டினார். டக். நிஜமாகவே டக் என்றது.

பைண்டிங் பிரிவு அக்காதான் கைகொடுத்தார். "இந்த ஓவன் சரியில்லப்பா, சூடே ஏறல." எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்தேன்.

அப்போதுதான் வாசலில் அவரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை, நெற்றியெல்லாம் வியர்வை, கையில் நம் வீட்டு டப்பா. 'மாத்திடு, மாத்திடு' என்று கண்ணால் ஜாடை காட்டுகிறார்! என் மானத்தைக் காப்பாற்ற சுடச்சுடச் செய்து எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தேன்.

"ஓவன் மேல தப்பில்லங்க. நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடச் செஞ்சதில்ல. எட்டு மாசமா நீங்க சாப்பிட்டது எல்லாம் அதோ நிக்கறாரே, அவர் கைவேலை."

நாற்பது தலையும் திரும்பின. மனுஷன் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் உண்மை வெளியே வந்தது. போன வாரம் பைண்டிங் அக்கா அவருடைய பஸ்ஸில் ஏறி, "உங்க வீட்டம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது, பதினாலாம் தேதி எங்களுக்கு ஸ்கோன் செஞ்சு காட்டப் போறாங்களே" என்றாராம். மாவை லேசாகச் சேர்த்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டுமாம், பிசைந்தால் கல்லாகிவிடுமாம்!

"வேணும்னேதான் அப்படிச் சொன்னீங்களா?"

"ஆமா. அப்புறம் காலையில நீ புதுப் புடவை கட்டிட்டுப் போனதைப் பார்த்தேன். மனசு கேக்கல."

திருடன். நானும் திருடிதான். நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று எங்கள் சமையலறையில் பைண்டிங் அக்கா, தலைமை நூலகர், இன்னும் நாலு பேர். எல்லோருக்கும் என் கணவர்தான் 'மாஸ்டர்'. என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

"இவ்ளோ நுணுக்கம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று தலைமை நூலகர் கேட்டார்.

"எங்க பரம்பரையில வர்ற ரகசியம்ங்க" என்றார், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல்.

புளுகு! பஸ் டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் செல்போன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட ரகசியம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார், கொஞ்சம் பயத்தோடு.

"ஆமா, அவங்க வீட்ல எல்லாருக்கும் அந்தக் கை உண்டு" என்று சொல்லிவிட்டுத் தட்டு கழுவப் போனேன்.