மாமரப் பொந்தில் ஒரு குடும்பம்

வெள்ளவத்தை
2.2.1964

திரு. சிவானந்தன் அவர்களுக்கு,

என்னை ஒரு வார்த்தை கேளாமல் நீங்கள் பண்டாரவளைக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போன பிறகு, உங்களுக்குக் கடிதம் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இதையும் எனக்காக எழுதவில்லை.

முற்றத்து மாமரத்தின் வேர் மதிலைப் பிளக்கிறதாம். வீட்டுக்காரர் மரத்தைத் தறிக்கப் போகிறார். அதன் பொந்துக்குள் தேனீக்கள் இருக்கின்றன. "மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திப்போட்டுத் தறிப்பம், பிள்ளை" என்கிறார். இரண்டு கிழமை தவணை கேட்டிருக்கிறேன்.

டெலிபோன் நிலையத்தில் வேலை முடிந்து வந்ததும் மரத்தடியில் நின்றுவிடுகிறேன். சில தேனீக்கள் காலில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு வருகின்றன. வேறு சில வாசலில் ஒரே பக்கம் பார்த்து நின்று, பறக்காமலே சிறகை அடிக்கின்றன. ஏன்? யாரைக் கேட்பது? விவசாயத் திணைக்களத்தில் தேன்பெட்டி வைத்திருக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். என்ன செய்ய!

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரி


பண்டாரவளை
5.2.1964

அன்பின் ஜெகாவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கோ சுகமில்லையாக்கும் என்று பயந்துபோய் உடைத்தேன்.

சிறகடிப்பது வீட்டுக்குள் சூட்டைக் குறைக்க. மஞ்சள், குஞ்சுகளுக்குச் சாப்பாடாகும் பூந்தாது. நல்ல பலமான குடும்பம் போலிருக்கிறது. கொளுத்த விடாதே. 15ஆம் திகதி சனிக்கிழமை நானே வருகிறேன். பெட்டியையும் புகை ஊதும் குழலையும் ரயிலில் முன்னதாக அனுப்புகிறேன், கோட்டை ஸ்டேஷனில் எடுத்துக்கொள்.

வந்து என்ன செய்யப் போகிறேன் என்று நீ கேட்பாய். தென்னந்தும்புப் புகையை மெல்லக் காட்டி, பொந்தைப் பெரிதாக்கி, தேனடைகளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். புழு வளரும் அடைகளை வாழைநாரால் சட்டத்தில் கட்டிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இராணி உள்ளே போய்விட்டால் மற்றவை தாமாகவே போகும். அவள் நீளமாக இருப்பாள். எல்லாரும் ஓட, அவள் மட்டும் நடப்பாள்.

நீ தொடாதே. கவனம்.

உன்னை நினைக்கும்,
சிவா


வெள்ளவத்தை
12.2.1964

அன்புள்ள உங்களுக்கு,

சனிக்கிழமை வரத் தேவையில்லை. எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்காரர் தவணையை மறந்துவிட்டார். நேற்றுக் காலை இரண்டு பேர் கோடரியும் மண்ணெண்ணெய்ப் போத்தலுமாக வந்து நின்றார்கள். நான் வேலைக்குப் போக உடுத்தி நிற்கிறேன். "பொட்டக் இன்ன, மல்லி" என்று அவர்களை நிறுத்திவிட்டு, முதல்நாள் வந்திருந்த உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஸமீமா, "புள்ள, ஒங்களுக்குப் பைத்தியமா? மொகத்தயாவது மூடிக்கோங்க!" என்று கத்தி, தன் ஜன்னலின் லேஸ் திரையைக் கழற்றி எறிந்தாள். பிறகு தானும் வந்து புகைக்குழலைப் பிடித்தாள்.

கோடரிக்காரரில் ஒருவன் பொந்தை இரண்டு கொத்தில் அகலமாக்கினான். உள்ளே ஒரு இரைச்சல் எழும்பியது. "மீமெஸ்ஸோ, நோனா!" என்று தேனீக்களைக் காட்டிக் கத்தியபடி ஒழுங்கையின் தெருமுனைவரை ஓடிவிட்டான்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்கான வீட்டை நான் பார்த்ததில்லை. அடைகள் வரிசையாகத் தொங்குகின்றன, நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி. தேனீக்களைக் கையால் அள்ளினேன். வெதுவெதுப்பாக, தானியம்போல் விரலுக்குள்ளால் நழுவின. பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. கடைசி அடையின் ஓரத்தில் அவளைக் கண்டேன். நீங்கள் எழுதியதுபோல நடந்துதான் போனாள். பெட்டிக்குள் அவள் இறங்கிய பிறகு மற்றவை நிரை நிரையாக வாசலால் ஏறியதைப் பார்க்க ஸமீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புகையாகவும் இருக்கலாம்.

புருவத்திலும் காதிலும் கொட்டிவிட்டன. ஒற்றைக் கண் மூடியபடி பின்நேரம் வேலைக்குப் போனேன். "புருஷன் அடிச்சவரோ?" என்று சுப்பர்வைசர் இரகசியமாகக் கேட்டார். அவர் பண்டாரவளையில் இருக்கிறார் என்றேன்.

ஜெகா


பண்டாரவளை
17.2.1964

அன்பின் ஜெகாவுக்கு,

கடிதம் கிடைத்தபோது லீவுக் கடதாசியில் கையெழுத்து வைத்தாகிவிட்டது. ஆனாலும் நீ வரவேண்டாம் என்ற பிறகு வரவில்லை. சொல்லாமல் வெளிக்கிட்டு உன்னை ஒருமுறை நோகடித்தது போதும்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சீலையோடு நீ பொந்துக்குள் கை விடுவதை நினைத்துப் பார்க்கிறேன்.

இங்கே குவாட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. சுற்றிவரக் காப்பிப் பூ. அந்தக் குடும்பத்துக்கு வெள்ளவத்தையில் என்ன இருக்கிறது? பெட்டியை எடுத்துக்கொண்டு நீயும் வந்தால் என்ன? இந்த முறை கேட்டுத்தான் எழுதுகிறேன்.

உன்,
சிவா


வெள்ளவத்தை
1.3.1964

இஞ்சாருங்கோ,

பெட்டி வெறுமையாகக் கிடக்கிறது. வியாழக்கிழமை காலை, தேனீக்கள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பிவிட்டன. எறும்போ, வெயிலோ, நான் கட்டிய அடை பிடிக்கவில்லையோ தெரியாது. ஸமீமா வீட்டுக் கூரைக்கு மேலால் ஒரு புகைபோலச் சுழன்று போயின. நான் செருப்பில்லாமல் பாமன்கடை வாய்க்கால்வரை பின்னால் ஓடினேன். அக்கரையில் தென்னைகளுக்குள் மறைந்துவிட்டன. வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து அழுதேன். பிறகு, அவை உயிரோடுதானே போகின்றன என்று நினைத்தேன். எங்கே போவதென்று அவற்றுக்குள் யார் முடிவெடுக்கிறார்கள்? எழுதுங்கள்.

நான் பண்டாரவளைக்கு வரமாட்டேன். கோபமில்லை. எனக்கு என் வேலை வேண்டும், இந்தக் கடற்காற்றும் வேண்டும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. என்னோடு வேலை செய்யும் நேசத்தின் ஹெந்தளை வீட்டுப் பலாமரத்தில் ஒரு தேனீப் பொந்து. அவளின் அண்ணன் மரத்தைப் பலகைக்கு அறுக்கப் போகிறார். என் வீங்கிய கண்ணின் கதை நிலையம் முழுக்கப் பரவி, அவளே வந்து கேட்டாள். 8ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

இந்தப் பொந்து உயரத்தில். ஸமீமாவுக்கு ஏணியைக் கண்டாலே தலை சுற்றும். சனிக்கிழமை இரவு மெயிலில் ஏறினால் விடியக் கோட்டையில் இறங்கலாம். வந்தால் ஏணியைப் பிடியுங்கள்.

ஏறுவது நான்தான்.

ஜெகா