ஃபிரிட்ஜ் செருப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எங்களைக் கொல்லப் பார்க்கிறாய்.

நீ அனுப்பிய பார்சல் கிடைத்தது. ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, ஆள் அனுப்பி வயரை மாற்று என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ ரப்பர் செருப்பு அனுப்பியிருக்கிறாய். அவருக்குக் கறுப்பு, எனக்கு நீலம், உன் மருமகளுக்கு முயல் படம் போட்டது. அளவெல்லாம் சரியாக இருக்கிறது. உன்னைப் போல அளவெடுத்துக் கொல்கிற வீட்டு ஓனர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

போனில் பேசலாமே என்பாய். 'வயர்' என்று நான் வாயெடுத்ததும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

அண்ணி நலமா? முதுகுவலி தேவலையா? இங்கே எல்லாரும் நலம், செருப்பு போட்டிருக்கும் வரை.

போன வாரம் மின்சார ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தத் தெருவில் வாடகை வீடுகளை எல்லாம் சோதிக்கிறார்களாம். அவர் பக்கத்து வீட்டில் இருக்கும்போதே உன் மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. "மச்சான் மானம் போயிடும்டீ" என்று சமையலறை வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் அள்ளி பீரோவுக்குள் ஒளித்தார். அவர் காலில் கிடந்ததையும் சேர்த்து.

இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, ஜில்லுனு தண்ணி குடிங்க சார்" என்று இவர் ஓடினார். சற்றுமுன்தான் தரை துடைத்திருந்தேன். வெறும் கால், ஈரத் தரை, ஃபிரிட்ஜின் கைப்பிடி. "அம்மா!" என்று ஒரு சத்தம். பாட்டில் ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். சுவரில் சாய்ந்து நின்று, கை உதற உதற, இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்து, "கால் வழுக்கிடுச்சு சார்" என்றார். உன்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைக்கு நீ தகுதியில்லாதவன்.

உன் மருமகள் நேராக பீரோவைத் திறந்து, அப்பாவின் செருப்பை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். "போட்டுக்கோங்க அங்கிள். இல்லன்னா ஃபிரிட்ஜ் கடிக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? இன்ஸ்பெக்டர் டெஸ்டரை ஃபிரிட்ஜில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. வாஷிங் மெஷினில் வைத்தார், அதிலும் எரிந்தது. மெயின் போர்டைத் திறந்தார். ஃப்யூஸில் போட்டிருந்த கம்பியைப் பார்த்து, "இதுல துணி காயப் போடலாம்மா" என்றார். இருபது வருஷமாக என் வீட்டில் ஃப்யூஸ் போனதே இல்லை என்று நீ பீற்றிக்கொள்வாயே, அந்தப் பெருமையின் தடிமன் அது. மண்ணுக்குள் இறங்க வேண்டிய எர்த் கம்பி எங்கே போகிறது என்று தேடினோம். சுவரைத் தாண்டி வெளியே வந்து, காலிப் பூந்தொட்டி ஒன்றுக்குள் முடிந்திருந்தது.

மின்சாரம் கசிந்தால் உடனே விழுந்து லைனை நிறுத்துமே, அந்த டிரிப் சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. உன் வயர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அடிக்கடி விழுதுன்னு அண்ணன்தாங்க கழட்டச் சொன்னாரு. அது இப்ப மாடியில இருக்கு" என்றார்.

மாடியில்! நீ எப்போதாவது வந்தால் தங்குவதற்காகப் பூட்டி வைத்திருக்கும் மாடியில். புது வயர், புது எர்த், எங்கள் டிரிப் சுவிட்ச். உள்ளே யார் இருக்கிறார்கள்? ஒரு கட்டில், ஒரு சோபா, உன் கல்யாண போட்டோ. அந்த போட்டோவுக்கு ஷாக் அடிக்காது, அண்ணா.

"அந்த சுவிட்ச் கெட்டுப்போயிருந்ததா சார்?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "நல்லா வேலை செஞ்சிருக்கும்மா. அதனாலதான் கழட்டிட்டாங்க" என்றார். ஆபத்து என்று சொன்ன சுவிட்சை அப்புறப்படுத்திவிட்டு, சொல்லாத வீட்டை வாடகைக்கு விடுகிறாய். எல்லா ஓனரும் செய்வதுதான். ஆனால் எல்லா ஓனரும் என் அண்ணன் இல்லை.

கோளாறு சுவருக்குள் ஓடும் வயரில் இருக்கிறதாம். சுவரை உடைக்க ஓனர் கையெழுத்து வேண்டும். அதற்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டை மாற்றலாம் என்றால், "மச்சான் மனசு நோகும்" என்கிறார் இவர். கையே இன்னும் நோகிறது, மனசுக்கு வந்துவிட்டார்.

நேற்று உன் மருமகள் ஒரு கால் செருப்போடு சமையலறைக்குள் போனாள். இன்னொன்று எங்கே என்றேன். பொம்மைக்குப் போட்டுவிட்டாளாம், அதுவும் ஃபிரிட்ஜ் திறக்க வேண்டுமாம். கைப்பிடிக்கு ஒரு சாண் இருக்கும்போது தூக்கிவிட்டேன். அதற்குப் பிறகு வெகுநேரம் அவளைக் கீழே இறக்கவே இல்லை. இதைச் சிரிப்பாக எழுதப் பார்க்கிறேன், வரவில்லை.

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நூறு வயது நன்றாக இருங்கள். எங்களையும் அதில் பாதியாவது இருக்க விடு.

உன் தங்கை

பி.கு.: நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் கையெழுத்துப் போடாதே. கிளம்பி வா. மாமா வந்தால் போட்டுக்கொள்ள என்று உன் மருமகள் ஒரு ஜோடி செருப்பை எடுத்து வைத்திருக்கிறாள். அதை நான் ஒளித்துவிட்டேன். தரையைத் துடைத்து வைக்கிறேன். வெறுங்காலோடு வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடு.