பக்கத்துப் புட்டி வெங்காயம்

சின்ன காஞ்சிபுரம்
பவ வருஷம், கார்த்திகை 14

சிரஞ்சீவி ஹயக்ரீவனுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொல்ல, சூடாமணி எழுதுவது. வரதர் கிருபையில் இங்கே மூன்று பேரும் சுகமாயிருக்கிறோம், கல்கத்தாவில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்து வந்து சொன்னால்தான் எனக்குச் சாதம் இறங்கும். அப்பாவுக்கு இருமல் விட்டது, விடியற்காலையில் குளத்தில் முழுகுவதை மட்டும் அவர் விடவில்லை, சொன்னால் வயசு எனக்கா உனக்கா என்கிறார். மழை நன்றாகப் பிடித்துக் கொல்லைக் கிணற்றில் கையாலேயே மொள்ளலாம் போல் இருக்கிறது. நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்வதை விடாதே, அங்கே உனக்குத் தளிகை பண்ணிச் சாதம் போடுகிறவர் நம்மவர்தானா என்று கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. குமுதவல்லி உனக்காக மாட்டுக் கொட்டிலில் புட்டிகளை வைத்துக்கொண்டு படாத பாடு படுகிறாள், அத்தை பெண் என்றால் அப்படி இருக்கவேண்டும், என்ன சமர்த்து, இங்கே ஒருத்தி இருக்கிறாளே, வாசலில் ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள்.

அண்ணா, அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியாயிற்று. அவள் தளிகைக்குப் போயிருக்கிறாள், முடிவில் ஆசீர்வாதம் சொல்ல வருவாள். அதுவரை நான் எழுதுகிறேன். வாசித்துக் காட்டு என்றால் இந்த இடத்தைத் தாண்டிவிடுவேன், ஏனென்றால் நம்மவர் தொடாத வெங்காயம் இதில் நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது.

புரட்டாசியில் எங்கள் உறைக்குள்ளேயே குமுதவல்லிக்கு ஒரு கடிதம் வைத்திருந்தாய், நான்தான் இரண்டு வீடு தள்ளிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுக்கும் முன் நாலு தடவை படித்தேன். உயிருள்ளவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனவை, செல்லுக்குள் புரோட்டீன் முதலான அணுக்கூட்டங்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன, அதிர்வது அலை வீசலாம், ரேடியோக் கம்பத்திலிருந்து கிளம்புவது போல மிக மெல்லிய அலை செடியிலிருந்தும் நம்மிடமிருந்தும் கிளம்பலாம், அதைப் பிடிக்கத்தான் கருவி இல்லை என்று எழுதியிருந்தாய். அதனால் வேர் விட்ட வெங்காயத்துக்குப் பக்கத்தில் புது வெங்காயத்தை வைத்தால், தனியாக இருப்பதைவிட அது சீக்கிரம் வேர் விடுகிறதா என்று பார்க்கச் சொன்னாய். என்னை இல்லை, அவளைப் பார்க்கச் சொன்னாய். அவள் படித்துவிட்டுக் கொல்லைப் பக்கமாக வந்து என்னிடம்தான் அர்த்தம் கேட்டாள். அவள் நாலாவது பாரம் படிக்கிறாள், மதராஸ் கடற்கரையில் ரேடியோ கேட்டிருக்கிறாள், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ரேடியோவைக் கண்ணால் கூடப் பார்க்காதவள், அதனால்தானே எனக்கு எழுதவில்லை?

அவள் அனுப்பிய அளவுகளைப் பார்த்து, துணை வைத்த வெங்காயங்கள் ஒன்றரை மடங்கு வேர் விட்டிருக்கின்றன, மார்கழி முதல் வாரம் காலேஜ் சபையில் அவள் பேரைச் சொல்லி வாசிக்கப்போகிறேன் என்று எழுதினாயே, அதை அம்மா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி நான் சாப்பிடவில்லை. மறுநாள் என்னதான் பண்ணியிருக்கிறாள் பார்ப்போம் என்று அவர்கள் கொட்டிலுக்குப் போனேன். துணை வைத்த மூன்று புட்டி கொட்டிலுக்குள், தனியான மூன்றும் கிணற்றடிச் சுவரில். உள்ளே இருந்தவற்றில் புளித்த வாடை அடித்தது. வெங்காயம் தொட்ட கையால் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது, பெருமாள் தீர்த்தம் எடுக்கிற கிணறு என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். அதனால் கொட்டிலில் இருந்தவற்றுக்கு மாட்டுத் தொட்டியிலிருந்து அரிசி களைந்த கழுநீர், சுவரில் இருந்தவற்றுக்கு மாடு குளிப்பாட்டுகிறவன் விட்ட கிணற்றுத் தண்ணீர். கேட்டால், தண்ணீர் தண்ணீர்தானேடி, ரேடியோ என்ன தண்ணீரிலா வருகிறது என்று சிரித்தாள். வேர் நீண்டது துணையாலா கழுநீராலா என்று இனி யார் சொல்ல முடியும்? எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீ என்னை வெறுப்பாய்.

உடனே உனக்கு எழுதியிருந்தால் பொறாமையில் எழுதுகிறேன் என்பாய், அது நிஜமும்தான். அதனால் நானே செய்து பார்த்தேன். தென்னேரியிலிருந்து கீரை கொண்டுவருகிற பொன்னியம்மாளிடம் ஒன்பது வெங்காயம் கேட்க மூன்று நாள் எனக்கு வாய் வரவில்லை. கேட்டதும், இன்னாமா, பெருமாளுக்கு சாம்பாரா என்றாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நம் வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், எல்லாவற்றுக்கும் ஒரே மழைத்தண்ணீர், ஒரே வெளிச்சம். முதலில் மூன்றை வேர் விடச் செய்து, பிறகு மற்ற ஆறில் மூன்றுக்கு அவற்றைத் துணை வைத்தேன், மூன்றைத் தள்ளி வைத்தேன். பதினோராம் நாள் ஒவ்வொரு வேரையும் பட்டிழையால் அளந்து உன் பழைய அடிக்கோலில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை.

அப்புறம்தான் பயம் வந்தது. வித்தியாசம் இருக்கக்கூடாது என்று ஆசைப்பட்டவள் நான், இழையை ஒன்றுக்கு இழுத்தும் ஒன்றுக்குத் தளர்த்தியும் பிடித்திருந்தால்? அதனால் துணையோடு இருந்தவற்றுக்கு அரக்கு இழையும் தனியாக இருந்தவற்றுக்குப் பச்சை இழையும் கட்டி, கூடையில் வைத்து வாழையிலையால் மூடி, குமுதவல்லியிடமே கொண்டுபோனேன். எந்த நிறம் எது என்று சொல்லவில்லை, அளந்து கொடு என்றேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கூட்டிப் பார்த்தால் பச்சைதான் ஒரு நெல் அளவு நீளம். நிறத்தின் அர்த்தத்தைச் சொன்னதும் கூடையை இலையால் திரும்ப மூடினாள். உனக்குச் சந்தோஷம், முகத்திலேயே தெரிகிறது என்றாள். ஆமாம் என்றேன். தானே எழுதுகிறேன், பொறு என்றாள். நாலு நாள் பொறுத்தேன். நேற்று வந்து, என்னால் முடியவில்லை, நீயே எழுதிவிடு, அளந்தது நான்தான் என்று சேர்த்து எழுது என்றாள்.

அதனால் அந்தப் பழைய அளவுகளைச் சபையில் வாசிக்காதே அண்ணா. என்ன தண்ணீர் விட்டீர்கள் என்று யாராவது ஒருவர் கேட்டால் நீ என்ன சொல்வாய்? அலையே கிடையாது என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல என் ஆறு வெங்காயம் போதாது. நம் புட்டிகளில் அது தெரியவில்லை, அவ்வளவுதான். அவளைக் கடிந்து ஒரு வரியும் எழுதாதே. அடுத்து ஏதாவது பார்க்கவேண்டுமானால், உறையின் மேலேயே என் பேரைப் போட்டு எனக்கு எழுது.

அம்மா வந்துவிட்டாள். இத்தனை நீளம் என்னடி எழுதினாய் என்கிறாள், மழையைப் பற்றி என்றேன். நீ நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாய் இருக்கவேண்டும், பெருந்தேவித் தாயார் உன் பக்கத்திலேயே இருப்பாள், பொங்கலுக்கு வருகிற ரயிலை முன்னாலேயே எழுது, கம்பளியை மறக்காதே என்கிறாள். புது அளவுகள் தனித் தாளில் இருக்கின்றன. அதன் கீழே முதலில் என் பேரை எழுதினேன், பிறகு அடித்துவிட்டு மாற்றி எழுதினேன், அடித்தது தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா பெருவிரல் வைத்தது.

அளந்தது, குமுதவல்லி.
எழுதியது, சூடாமணி.