மருந்து கலக்காத தட்டு

அக்கா,

நம் ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, மருந்து கலக்காத தட்டை நீதான் கழுவிக் கவிழ்த்தாய். அதில் வாடல் நோய்ப் பூஞ்சை வளர்ந்திருக்க வேண்டும், வளரவில்லை. அப்படியென்றால் நாம் சோதனைக்கு வைத்ததே செத்த பூஞ்சை. செத்த பாம்பை அடித்துவிட்டு, வாடல் நோயை மருந்து ஒழித்தது என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டாய். கேட்டதற்கு, "சும்மா இருடி, பெரிய விஞ்ஞானி!" என்று சிரித்தாய்.

அப்பா அந்த மருந்தில்தான் கொண்டைக்கடலை விதை முழுவதையும் புரட்டி வைத்திருக்கிறார். போன வருஷம் செடியெல்லாம் வாடிச் செத்த அதே நிலம். இந்த முறையும் வாடினால் கடனுக்குப் போய், நிலம் நம்முடையதாக இருக்காது. நாளை விதைப்பு.

நான் சொல்லிப் பார்த்தேன். "பெரியவ பாஸ் பண்ண மருந்துடி. அவமேல உனக்குப் பொறாமையா?" என்கிறார்.

என் போனை நீ எடுப்பதில்லை. அதனால் இதை உன் மேசையில் வைக்கிறேன். இன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டு, விதைக்க வேண்டாம் என்று நீயே சொல். சொல்வாயா?

உன் தங்கை