மூன்று நாள் மகாராஜா

ஜூன் 4, வியாழன்
மூன்று நாள் படுக்கை. இன்று எழும்பி, பிலிமத்தலாவை பஸ்ஸில் தொங்கிப் பள்ளிக்கூடம் போனால், கணித ராஜலிங்கம் சேர் வரவு இடாப்பை விரித்தபடி:
"வாங்க, மூணு நாள் மகாராஜா! மாசா மாசம் எந்த நாட்ட ஆளப் போறீங்க?"
வகுப்பே சிரித்தது, சேரும்தான். இந்த வகுப்பைச் சிரிக்க வைப்பது என் வேலை. கரும்பலகைச் சோக்குப் பெட்டியில் மரவள்ளித் துண்டு அடுக்கினவன் நான்! இருக்கட்டும் சேர். வைக்கிறேன் ஆப்பு.

ஜூன் 5
காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சலுக்கு யாரும் சிரிப்பதில்லை.

ஜூன் 6, சனி
அம்மா கெலிஓயாவில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனா.
"ரெண்டு மூணு நாள் வந்து, தானாப் போயி, திரும்பவும் வர்ற மனச்சோர்வு. நெறையப் பேருக்கு இருக்கு தம்பி. இருபதுல ஒருத்தருக்காவது."
வகுப்பில் நாற்பது பேர். ஒன்று நான். மற்றது எந்தக் கழுதை? அதுவும் சேர்ந்து சிரித்ததா?

ஜூன் 9, செவ்வாய்
புள்ளிவிபரச் செயற்றிட்டம் தந்தது சேர். தலைப்பு தருவது நான்: 'காரணமில்லாமல் சில நாள் மனசு விழுந்து, தானாக எழும்பி, மாதா மாதம் திரும்புகிறதா? ஆம் / இல்லை.' துண்டில் பெயர் வேண்டாம். துண்டைப் போட வகுப்புக்கு ஒரு வெறும் பால்மா டின், ஆசிரியர் அறைக்கு ஒன்று. வெள்ளி காலைக் கூட்டத்தில் வாசிப்பேன்: மகாராஜாக்கள் இத்தனை பேர், சிரித்த சேர் ஒருத்தர்!
பக்கத்து மேசை றிஸானா: "ஒனக்குப் பைத்தியம்டா. டின்ன நான் தூக்கிட்டு வாறேன்."

ஜூன் 11, வியாழன்
வகுப்பில் மூன்று 'ஆம்'. நான் போக இரண்டு.
ஆசிரியர் டின்னில் ஒன்பது துண்டு. எட்டு 'இல்லை'. ஒன்பதாவதில் 'ஆம்' — கீழே அடிமட்டம் வைத்து இரண்டு கோடு. விடைக்கு இரட்டைக் கோடு கீறாவிட்டால் புள்ளி வெட்டுகிற ஆள் இங்கே ஒருவர்தான்.
மாட்டிக்கிட்டீங்க சேர்! கையும் கோடுமா!
றிஸானாவிடம் காட்டவில்லை. ஏன்? தெரியாது. இதோடதான் மனுசன் தெனமும் வந்து நிக்கிறாரா? அப்ப என்னைப் பாத்து ஏன் சிரிச்சார்? அதுதான் இன்னும் கொதிக்குது.

ஜூன் 12, வெள்ளி
மேடையில் எண்களை மட்டும் வாசித்தேன். "ஆசிரியர் அறையில் ஒன்று" என்றபோது ஒரே ஒரு தடவை பார்த்தேன். சேர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
துண்டு என் பையில்.

ஜூலை 2, வியாழன்
சேர் மூன்று நாள் வரவில்லை, இன்று வந்தார். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது — சொல்லுடா! 'வாங்க மகாராஜா' நாக்கு நுனியில்தான் நின்றது.
"குட் மோர்னிங் சேர்" என்றேன்.
ஆனால் சும்மா விடுவேனா? பயிற்சிக் கொப்பியில் எல்லா விடைக்கும் ஒற்றைக் கோடு மட்டும் கீறிக் கொடுத்தேன்.

ஜூலை 3
கொப்பி வந்தது. முழுப் புள்ளி. ஒவ்வொரு விடைக்கும் இரண்டாவது கோட்டைச் சிவப்பு மையில் அவரே கீறியிருக்கிறார்.