பெனரில் ஒரு றோசாப்பூ

2024 ஒக்டோபர் 9

இன்று அக்ரம் சேரின் டியூஷன் வகுப்பிலிருந்து எழும்பி வந்துவிட்டேன். இனிப் போகமாட்டேன். நாளைக்கு உம்மா அழுதால் என் மனம் இளகிவிடும், அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நடந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தகரக் கொட்டகைக்குள் நூற்றைம்பது பேர். சேர் மைக்கில் கணிதம் படிப்பிக்கிறார். முக்கோணி நிறுவல் ஒன்றைப் பலகையில் எழுதினார், முடித்தார், அழித்தார். மூன்றாவது வரி எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கையை உயர்த்தினேன். "கேள்வியெல்லாம் பொறகு. இப்ப எழுதுங்க," என்று மைக்கிலேயே சொன்னார். மூன்று மாதமாக அந்தப் 'பொறகு' வரவே இல்லை. கொப்பியை மூடினேன், எழும்பினேன். ஸுஹைனா என் அபாயாவைப் பிடித்து இழுத்தாள். "எங்ககா போறாய்?" என்றாள். வீட்டுக்கு என்றேன்.

பதினோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடுதான் எழும்பினேன்.

ஒக்டோபர் 10

உம்மா அழவில்லை. ஏசினார். "ஊர்ப் புள்ளயெல்லாம் போகக்குள்ள நீ மட்டும் என்ன பெரிய ராசாத்தியா? கணக்குல கோட்டை விட்டுட்டு வந்து என்னெட்ட நிக்காத."

நான் சொன்னதை யாராவது கேட்டால்தானே. விடிய ஐந்தே முக்காலுக்கு ஒரு வகுப்பு, பிறகு பள்ளிக்கூடம், இரண்டரைக்கு இன்னொரு வகுப்பு, பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வீடு. இதற்குள் ஒரு கணக்கை நான் தனியாக இருந்து செய்து, பிழை விட்டு, அழித்து, திரும்பச் செய்ய நேரம் எங்கே இருக்கிறது? எல்லாரும் எனக்குச் செய்து காட்டுகிறார்கள். நான் எப்போது செய்கிறது?

வாப்பா கடையால் வந்து சோறு தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பெனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறவர், ஊரெல்லாம் தொங்குகிற எழுத்து அவருடையது, வீட்டில் மட்டும் வாயைத் திறப்பது அரிது. கடைசியில், "ரெண்டு மாசம் பார்ப்பம்," என்றார். உம்மா கறிச் சட்டியை 'டக்' என்று வைத்தார்.

ஒக்டோபர் 22

பள்ளிக்கூடத்தில் கணித பாடவேளை. பாதி வகுப்பு மேசையில் தலை வைத்துத் தூங்குகிறது. அன்னபூரணி டீச்சர் செங்கலடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். பலகையில் தலைப்பை எழுதினால் போதும், பின்வரிசையிலிருந்து குரல் வரும்: "டீச்சர், அத சேர் முடிச்சிட்டார்."

"உங்கட சேர் முடிச்சிருப்பார். நான் இன்னும் தொடங்கல்ல," என்றார் டீச்சர்.

நான் அந்த மூன்றாவது வரியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "ஏன் வந்திருக்கும்? நீ சொல்லு," என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். முழுப் பாடவேளையும் அதிலேயே போனது. எரிச்சலாக இருந்தது. பஸ் பிந்தினால் கோபத்தோடு வந்து எங்கள் மீது பாய்கிற மனுசிதான். ஆனாலும் மணி அடிக்கிற நேரம் எனக்கு விளங்கிவிட்டது. நானே கண்டுபிடித்தேன். தூங்கினவர்கள் எழும்பிப் பார்த்தார்கள், நான் சத்தம் போட்டிருப்பேன் போல.

நவம்பர் 28

வெள்ளம். பாலத்தடியில் ஆறு தென்னைமரத்தின் இடுப்புக்கு நிற்கிறது. பள்ளிக்கூடமும் இல்லை, டியூஷன் சென்டரும் இல்லை. ஸுஹைனா போன் எடுத்து, "டியூஷன் இல்ல, இப்ப என்னத்தப் படிக்கிற?" என்றாள். புத்தகம் இருக்குதானே என்றேன். கோபத்தில் வைத்துவிட்டாள்.

டிசம்பர் 15

ஒன்றை நேர்மையாக எழுத வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஒரு வருடமாக ஆள் இல்லை. விஞ்ஞானத்துக்கு நான் இப்போதும் டியூஷன் போகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி உம்மா குத்துகிறார். "அதுக்கு மட்டும் கால் நடக்குதோ?"

ஓம், நடக்குது. ஆள் இல்லாத பாடத்துக்குப் போறன். ஆள் வந்து நிக்கிற பாடத்துக்கும் ஏன் போகணும்? டீச்சர் சம்பளம் வாங்கி, பஸ்ஸில தொங்கி வந்து, வெண்கட்டியோட நிக்கிறாங்க. அவங்களுக்கு முன்னால படுத்துக் கிடந்துட்டுப் பின்னேரம் வேற எடத்துல போய் அதையே எழுதுறதுக்கு என்ன பேர்?

2025 ஜனவரி 24

தவணைப் பரீட்சை. கணிதம் எனக்கு 52. ஸுஹைனாவுக்கு 81.

ஜனவரி 25

உம்மா நேற்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஏசினால் கூடப் பரவாயில்லை. நான் பிழையா? ராத்திரி படுத்துக்கொண்டு அதையே யோசித்தேன். திரும்பிப் போனால் சேர் ஏற்றுக்கொள்வார், நூற்றைம்பதில் ஒன்று கூடினால் அவருக்கு என்ன? ஸுஹைனாவும் வா வா என்கிறாள்.

போகமாட்டேன். பிழை விட்ட கணக்கு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எங்கே பிழைத்தேன் என்று எனக்கே தெரிகிறது. ஒக்டோபரில் இதுவும் தெரியாது. அந்த ஐம்பத்திரண்டு என்ட ஐம்பத்திரண்டு.

மார்ச் 20

நோன்போடு பரீட்சை. இன்று கணிதம். பயிற்சியில் ஒருநாளும் கண்டிராத நிறுவல் ஒன்று வந்தது. செய்தேன். சரியா தெரியாது.

ஜூலை 11

றிசல்ட் வந்தது. எட்டு ஏ. கணிதத்துக்கு பி.

முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு கொஞ்சம் தின்றேன். வாப்பா கடையிலிருந்து ஓடி வந்து, போனை வாங்கித் தானே ஒருதரம் வாசித்துப் பார்த்தார். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார். உம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டே, "அந்த ஒரு பி..." என்றார். ஸுஹைனாவுக்குக் கணிதத்தில் ஏ. அவள் உழைத்தவள், சந்தோஷம்.

பக்கத்து வீட்டு றபீக்கா மாமி இனிப்போடு வந்தார். "அக்ரம் சேரிட்டயே நிண்டிருந்தா ஒம்பதும் ஏ வந்திருக்கும் மகள்."

வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அந்தப் பரீட்சையை யாரும் எழுதவில்லை, அதற்கு றிசல்ட்டும் இல்லை. எனக்கு இருப்பது இந்த பி. ஒருத்தருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டேன்.

ஜூலை 19



பொலன்னறுவை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அக்ரம் சேரின் பெனர் தொங்குகிறது. 'எமது சாதனை மாணவர்கள்.' பத்து வட்டம். எங்கள் ஊர்ப் பெனர்களில் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு முகம் போடுவார்கள், பெண்பிள்ளைகளுக்குப் பூ. வட்டத்துக்குள் ஒரு றோசாப்பூ, கீழே பெயரும் பெறுபேறும். யாருடைய பூ என்று முகத்தை வைத்து யாரும் கேட்க முடியாது. பத்தாவது வட்டத்தில் றோசாப்பூவுக்குக் கீழே: றுக்ஷானா சரீப், எட்டு ஏ, ஒரு பி.

நான். நான் அங்க. அந்தக் கொட்டகைக்குள்ளால எழும்பி வந்த நான்.

ஜூலை 20

அக்ரம் சேர்தான் களவாகப் போட்டார் என்று நினைத்தேன். சண்டைக்குப் போக வாப்பாவைக் கூப்பிட்டேன். வாப்பா நிலத்தைப் பார்த்தார்.

"நான்தான் மகள் போட்ட."

சேர் அனுப்பின டிசைனில் பத்து வட்டமாம், பேர் ஒன்பதுதானாம். கேட்டதற்கு, 'நம்மளிட்டப் படிச்ச நல்ல றிசல்ட் புள்ள ஒண்டப் போட்டு நிரப்புங்க நானா' என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாராம். "ஒரு வட்டம் காலியாக் கிடந்திச்சி. நீயும் மூணு மாசம் போனதானே. இவ்வளவு காலமா ஊரான்ட புள்ளயள்ர பேரத்தான் அடிச்சிரிக்கன். என்ட புள்ளட பேர ஒருக்கா அடிச்சிப் பார்க்க ஆசையா இரிந்திச்சி."

கோபம் வரவில்லை. வரவில்லையே என்று பிறகு கோபம் வந்தது.

ஜூலை 22

றபீக்கா மாமி மகள் நஸ்ஹாவை அக்ரம் சேரிடம் சேர்த்துவிட்டார். அவளுக்கு அடுத்தது ஓ.எல். நேற்று வரைக்கும் நஸ்ஹா, 'றுக்ஷானா ராத்தா போகாமப் படிச்சவதானே' என்று தாயோடு வாதாடிக்கொண்டிருந்தவள். இன்று மாமி எங்கள் வாசலில் நின்று, "எங்களுக்கெல்லாம் போகல்ல போகல்ல எண்டுட்டுக் களவாப் போயிரிக்காய் என்ன," என்று சிரித்தார். நஸ்ஹா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமலே போனாள்.

நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். உம்மா சமைக்கிற இடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். "அந்தப் பெனரக் கழட்டச் சொல்லுங்க," என்று வாப்பாவிடம் சொன்னார். உம்மாவா! "கணக்குக்குப் போகல்ல எண்டு இவளோட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதப் பொய் எண்டு மத்தவள் சொல்லக்கூடாது," என்றார்.

ஜூலை 24

வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் சென்டருக்குப் போனோம். புது பெட்ச் பிள்ளைகள் சேர்கிற நாள், வாசலில் செருப்புக் குவியல்.

"இதுல என்ன மகள் குறைஞ்ச? ஒன்ட பேர் நல்லாத்தானே வந்திரிக்கி," என்றார் அக்ரம் சேர்.

"நான் இங்க படிக்கல்ல சேர்."

"மூணு மாசம் படிச்சாய்."

"மூணு மாசம் எழுதினன் சேர். படிச்சது ஸ்கூல்ல."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. சிரித்துக்கொண்டே வாப்பா பக்கம் திரும்பினார். "நானா, சேருற நேரம் இது. ரெண்டு மாசம் தொங்கட்டும், பொறகு பார்ப்பம். புள்ளைக்குக் கொஞ்சம் சொல்லி வைங்க."

திரும்பவும் 'பொறகு'. வாப்பா சரி சேர் என்றார். சரி சேர் எண்டார்.

ஜூலை 26

விடிய சுபஹ் தொழுகை முடிந்ததும் வாப்பா என்னை எழுப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பெனரில் பிழை வந்தால் முழுவதையும் திரும்ப அடிப்பதில்லை. கலியாணத் திகதி மாறினாலும், மாப்பிள்ளையின் பேரில் எழுத்துப் பிழைத்தாலும், அந்த அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டிவிடுவார்கள். வாப்பா கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வட்டம். பூ இல்லை. என் பெயர், அதற்குக் கீழே தடித்த எழுத்தில்: இங்கு படிக்கவில்லை.

"சேருக்குச் சரி எண்டீங்க," என்றேன்.

"அவர்ர சென்டருக்குள்ள நிண்டு வேற என்னத்தச் சொல்ற? பிழை என்ட கடைல நடந்த. நானே திருத்துறன்," என்றார். பிறகு, "றிசல்ட்டும் போடுவம். எட்டு ஏ போதுமா, பி-யையும் போடவா?"

"பி-யையும் போடுங்க வாப்பா."

இனி அக்ரம் சேரின் வேலை எங்கள் கடைக்கு வராது. வாப்பாவுக்குத் தெரியும். ஏணியை நான் பிடித்தேன். அவர் ஏறி ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து அழுத்தினார். பத்து வட்டத்தில் ஒன்பது 'எமது சாதனை', ஒன்று 'இங்கு படிக்கவில்லை'. சேர் இன்றைக்கே கழற்றிவிடுவார். கழற்றட்டும்.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், கையைப் பிடித்தபடி வெள்ளைச் சட்டை போட்ட மகன். மெதுவாக எழுத்துக் கூட்டி வாசித்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்.

"இது நீயா மகள்?"

"ஓம்."

"அப்ப எந்த டியூஷன்ல படிச்ச?"

"கணக்கு ஸ்கூல்ல."

நான் எதையோ ஒளிக்கிறேன் என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "ஸ்கூல்லயா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

நான் இன்னொரு தரம் சொன்னேன்.